வெட்டிப் போட்ட வழியனுப்பு

கிண்ணத்துச் சோற்றில் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு முடி. தோக்சு தன் கண்ணால் பார்த்தவர். கடலில் மூழ்கிச் செத்த மகன் இன்ஹோவின் ஆவியை மீட்க, சோற்றுக் கிண்ணத்தை வெள்ளைத் துணியில் கட்டிக் கயிற்றோடு தண்ணீரில் இறக்கி, பூசாரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழுத்தபோது கிடைத்த முடி. வந்துவிட்டான் என்று எல்லோரும் அழுதார்கள்.

மகள் மிரான் எடுத்த வீடியோவில் இப்போது மூன்று முடி தெரிந்தது.

ஜேஜூத் தீவின் பழைய ஆரஞ்சுக் கிடங்கு அது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, கண்காட்சிக்காகச் சுவர் முழுக்க அந்தச் சடங்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தாள்.

"கடல் வெளியில சும்மாதானே கெடக்கு. அதைப் பாக்க இருட்டு ரூமு, டிக்கெட்டு வேற."

"டிக்கெட்டெல்லாம் கிடையாது. பேசாம உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். அழுகிய பழத்தோலின் புளித்த வாடைக்கு அடியிலிருந்து பாசி நாற்றம் கிளம்பியது. பூசாரியம்மாவின் மணிச்சத்தம் கூரைத் தகரத்தில் மோதி, சுவரோரமாக இறங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. கயிறு ஏறியது. துணி பிரிந்தது. இந்தத் தடவை ஒரு கற்றை முடி.

"ஏய், இதுல ஏதாவது கைவேலை காட்டினியா?"

"இல்லப்பா." அவள் குரல் தேய்ந்தது. "முந்தாநாள்லேர்ந்து இப்படித்தான். கூடிக்கிட்டே வருது."

"கடைசியில அவனை வழியனுப்புற பாகம் எங்க?"

"வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா!"

"அவன் வர்றதோட நிறுத்திட்டேன். போறதையும் எத்தனை தடவைதான் பாக்கச் சொல்றீங்க?"

தோக்சுவுக்குப் புரிந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அனுப்பவே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளையை மேலே இழுத்து, மறுபடியும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எழுந்து சுவிட்சைத் தேடிப் பிடித்தார். மிரான் அவர் கைமேல் கை வைத்தாள்.

"இன்னும் ஒரே தடவைப்பா."

கயிறு இறங்கியது. இன்ஹோ. இன்ஹோ. கயிறு கனத்தது. பூசாரியம்மாவின் தோள் நடுங்கியது. துணி. முடி. நெற்றி. கண்.

அவன்தான். அவரைத்தான் பார்த்தான். 'அப்பா' என்று உதடு அசைந்தது.

படம் அறுந்து தொடக்கத்துக்குப் போனது. தண்ணீரில் தொப்பென்று சத்தம்.

மிரான் கையை எடுத்துவிட்டாள். "போதும்பா. நிறுத்திடுங்க."

அவர் விரல் சுவிட்சில்தான் இருந்தது. அமுக்கவில்லை.

கயிறு ஏறியது. நெற்றியில் தோல் இல்லை. ஒரு கண் இல்லை. உதடும் இல்லை. பற்கள் மட்டும் விலகி, கூடி, விலகி, அந்தச் சொல்லைச் சொல்லப் பார்த்தன.