படிச்சுவரில் ஈரக் கை

அன்றைக்குக் காலையிலும் அந்தக் கை வந்திருந்தது.

மாடிப்படியின் நாலாவது படிக்கு மேலே, பூப்போட்ட சுவர்த்தாளில், ஐந்து விரலும் விரித்த ஈரக் கை. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. லோர்னா பழந்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வெளியே லோஸ்டாஃப்ட் ஊரின் கடல்மூட்டம் தெருவை விழுங்கியிருந்தது. எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

"துடைக்கறியா? துடை, துடை..."

மேல்படியில் மாமியார் பெரில் நின்றிருந்தாள். இரவு உடுப்போடு, கலைந்த வெள்ளைத் தலையோடு.

"என் பிள்ளை தினமும் வந்து கை வச்சுட்டுப் போறான். எதுக்கு வர்றான்னு உனக்கா தெரியாது?"

லோர்னா துணியைப் பிழிந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், இதே படியில்தான் க்ளைவ் விழுந்தான். அம்மாவுக்குத் தேநீர் கொண்டுபோனவன், திரும்பி இறங்கும்போது சுவரில் மாட்டியிருந்த கைப்பிடியைப் பிடித்தான். அது கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், எல்லாம் முடிந்துபோன அரைமணி நேரத்தில், பெரில் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கைப்பிடியை எவன் மாட்டினது?"

"நான்தான்" என்றாள் லோர்னா.

அன்றிலிருந்து பெரில் மருமகள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தன் கெட்டில், தன் கோப்பை. "இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாத" என்றும் சொல்லிவிட்டாள்.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். பாதி வீட்டை வாங்கிப் பார் என்று யாரும் எச்சரிப்பதில்லை. இந்த வீட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் இவர்களுடையது. மீதி அறுபதும் இதைக் கட்டி விற்ற வீட்டுச் சங்கத்துக்கு, அதற்கு மாதவாடகை. ஆனால் உள்ளே குழாய் ஒழுகினால் மட்டும் நூறும் குடியிருப்பவர் தலையில்! புதிதாக எதையாவது மாட்டவோ இடிக்கவோ வேண்டுமென்றால் சங்கத்துக்கு எழுதிப்போட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

பத்து மணிக்கு நாரிச் நகரத்திலிருந்து நாத்தனார் கில்லியன் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், அம்மாவைக் கையோடு கூட்டிப்போக. பெட்டி தயாராகக் கூடத்தில் இருந்தது. க்ளைவும் போனபிறகு லோர்னாவுக்கு மிஞ்சிய ஒரே மனுஷி அந்தப் பெட்டியோடு கிளம்பப்போகிறாள். திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தாளே என்று நினைத்துக்கொண்டாள்.

கில்லியன் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"எட்டு மாசமா ஒரு பிளம்பரைக் கூப்பிட முடியல, இல்ல? சங்கத்துல விசாரிச்சேன். உள்சுவர் ரிப்பேர் உன் பொறுப்புதானாம். சுவரைத் திறக்க ஏன் இவ்ளோ பயப்படற? உள்ள என்னத்த வச்சு மூடியிருக்க?"

"அப்புறம் பார்த்துக்கறேன், கில்லியன்..."

"அப்புறம், அப்புறம்! குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது!"

லோர்னாவுக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் நினைத்த பயம் இல்லை. க்ளைவ் சுவர்த்தாள் ஒட்டும் தொழிலாளி. தாள் ஒட்டுமுன் சுவரில் பென்சிலால் தன் பெயரும் தேதியும் எழுதாமல் அவனுக்கு வேலை முடியாது. அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அவன் கூடவே ஏதாவது கிண்டலும் எழுதிவைப்பான். இந்தச் சுவரிலும் எழுதியிருப்பான். தாளைக் கிழித்தால் அவளுடைய பொய் வெளியே வந்துவிடும்.

"நானே பார்க்கறேன்!"

பெரில் படிக்கட்டின் அடியிலிருந்த க்ளைவின் பெட்டியைத் திறந்து தாள் சுரண்டும் தகட்டை எடுத்தாள். நாலு படி ஏறினாள்.

"வேண்டாம்மா! அம்மா, வேண்டாம்!"

லோர்னா பாய்ந்து தடுப்பதற்குள், ஊறிப்போயிருந்த தாள் ஒரே வீச்சில் உரிந்து தொங்கியது.

சுவர் முழுக்க ஈரம் ஏறாத வெள்ளைப் பூச்சு. நடுவில் ஓர் இடம் மட்டும் பூசாமல் விட்டிருந்தது, கை வடிவத்தில். சுற்றிலும் பென்சில் கோடு. உள்ளிருந்து வந்த தண்ணீருக்கு வெளியேற வேறு வழியில்லை. அந்தக் கை கறுத்து, நனைந்து, பளபளத்தது. பக்கத்தில் க்ளைவின் கோணல் எழுத்து.

கில்லியன் வாய்விட்டுப் படித்தாள். பாதியில் அவள் குரல் இறங்கிப்போயிற்று.

"க்ளைவ். மார்ச் பதினாலு. அம்மாவின் கை, அம்மாவின் உயரம். அனுமதி வரட்டும் என்றாள் லோர்னா. அம்மா பொறுக்கமாட்டாள். நானே மாட்டிவிட்டேன்."

பெரில் மெல்லத் தன் வலது கையைத் தூக்கி அந்த ஈரத்தின்மேல் வைத்தாள். மீன் ஆலையில் முப்பது வருஷம் உழைத்துக் கோணிப்போன சுண்டுவிரல், சுவரின் சுண்டுவிரலில் அப்படியே பொருந்தியது.

"விண்ணப்பத்துக்கு அளவு வேணும்னு சொல்லித்தான் என் கையைச் சுவர்ல வச்சு வரைஞ்சான்..." என்றாள். "அப்புறம் நான் கில்லியன் வீட்டுல இருந்துகிட்டு தினமும் போன்ல அவனைப் பிடுங்கினேன். ஒரு கைப்பிடிக்கு என்னடா அனுமதி, நான் விழுந்து செத்தாதான் மாட்டுவியான்னு... ஐயோ! இது அவன் கை இல்ல. என் கை! எட்டு மாசமா என் கைதான் வந்து நின்னிருக்கு!"

அவள் சரிந்தாள். லோர்னா பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"அவர் மாட்டினப்போ பக்கத்துல நின்னு சண்டை போட்டவளே நான்தானே."

"அப்புறம் ஏன்டி நான்தான்னு சொன்ன? வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினேனே... கொலைகாரின்னுகூடச் சொன்னேனே!"

"ஆஸ்பத்திரியில உங்க மூஞ்சியப் பார்த்தேன். பிள்ளையும் போய், பழியும் உங்க தலையிலயா? நான் தாங்கிக்குவேன்னு தோணுச்சு... அவ்ளோதான்."

பெரில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கில்லியன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத் திரும்பப் போனாள்.

மதியம் பிளம்பர் வந்தான். கைப்பிடியின் திருகாணி குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. அந்தக் கசிவுதான் சுவரை இளக்கி, கைப்பிடியைப் பெயர வைத்திருக்கிறது. குழாயை மாற்றி, சூடான காற்றடித்துக் காயவைத்தான். "இனிமே சொட்டு ஈரம் வராதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். சுவர் சருகு மாதிரி உலர்ந்து கிடந்தது.

மறுநாள் காலை லோர்னா இறங்கி வந்தவள் நாலாவது படியில் நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்கக் காய்ந்திருந்தது. கை மட்டும் நனைந்திருந்தது.

அவள் பழக்கதோஷத்தில் துணியை எடுத்தாள். பின்னாலிருந்து பெரிலின் விரல்கள் அதைப் பிடுங்கிக்கொண்டன.

"துடைக்காத."

கிழவி தன் உள்ளங்கையை அதன்மேல் பதித்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஈரமாத்தான் இருக்கு. ஆனா நேத்து மாதிரி சில்லுனு இல்ல. நீயும் தொட்டுப் பாரு..."

லோர்னா தொட்டாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, போய் டீ போடு" என்றாள் பெரில். "உன் கெட்டில்லயே போடு."

"இதோ, அம்மா" என்றாள் லோர்னா.