பல்வலிச் சம்மனசு

அம்மா இறந்து நூற்றுப் பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. நிபுணர் வருவதற்கு இன்னும் ஐம்பத்து நான்கு மணி நேரம் இருந்தது. நான் தேவாலயத்தின் பக்கவாசலில் இரண்டு லிட்டர் அசிட்டோன், மூன்று பொட்டலம் பஞ்சு, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நின்றேன்.

சாவி வைத்திருப்பவரை எல்லோரும் சாவி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"கூரை வேலைக்காக ஜன்னலெல்லாம் பலகை அடிச்சிருக்கு. பகல்லயே ஒண்ணும் தெரியாது. பக்கப் பீடத்துல ஒரு லைட்டுதான் எரியும்."

"போதும்ண்ணா."

"அப்பா வரலையா?"

"கேட்டுக்கு வெளில உக்காந்திருக்காரு."

"ரெண்டு வருஷமா அந்தக் கேட்டோட சரி. கூலி இல்லாத வாட்ச்மேன்." சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே மெழுகும் ஈரச் சுண்ணாம்பும் மணத்தன. பக்கப் பீடத்துக்கு மேலே சுவரில் அந்தச் சம்மனசின், அதாவது தேவதூதனின், ஓவியம் இருந்தது. உடம்பும் சிறகும் பழையவை. இருநூறு வருடம் இருக்கும் என்பார்கள். முகம் மட்டும் இரண்டு வருடம் பழையது. வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய வெண்மஞ்சள் எனாமல் பெயின்ட். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. இடது கன்னம் வீங்கி, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

பல்வலிச் சம்மனசு. அந்தப் பெயரை யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது. ஒரு வாரத்தில் படம் எல்லார் ஃபோனிலும் இருந்தது. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கூட என்னிடமே காட்டிச் சிரித்தாள்.

அம்மாவுக்கு வரையத் தெரியாது. சனிக்கிழமைகளில் கோயிலைக் கூட்டித் துடைப்பது அவருடைய வேலை. புகை படிந்து கறுத்திருந்த சம்மனசைத் துடைக்கட்டுமா என்று பாதிரியாரிடம் கேட்டார். மெதுவாகத் துடைங்கம்மா என்றார் அவர். அடுத்த நாள் காலை வழிபாட்டுக்கு வந்தவர்கள் இந்த முகத்தைப் பார்த்தார்கள்.

யார் செய்தது என்று பாதிரியார் கேட்டபோது அம்மா எழுந்து நின்றார். "நான்தான் சாமி." அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அப்பா திட்டவில்லை. அன்றிலிருந்து கேட்டைத் தாண்டவுமில்லை. சாப்பிடும்போது சிலசமயம் கேட்பார். "உனக்கு எதுக்குடி அந்த வேலை?" அம்மா சோறு போட்டுக்கொண்டே, "தொட்டுட்டேன், விடுங்க" என்பார். ஆஸ்பத்திரியிலும் கேட்டார். அங்கேயும் அதே பதில்தான்.

இப்போது ஒரு நிபுணர் வந்து பார்க்கப் போகிறார். மேல்பூச்சை முன்கூட்டியே எடுத்துவிட்டால் அவர் வேலை சுலபமாகும், உங்கள் பெண் வேதியியல் படித்தவள்தானே என்று பாதிரியார் அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

"கீழ பழைய முகம் அப்படியே இருக்கும்மா," என்றார் அப்பா. "உங்கம்மா அதுக்கு மேல பூசினா, அவ்வளவுதான். எதையும் அழிச்சிருக்க மாட்டா. அது மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் உள்ள வர்றேன்."

சரிப்பா என்றேன். கீழே இருப்பதை வேறு யாரும் பார்ப்பதற்கு முன்பு நான் பார்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி அசிட்டோனில் நனைத்து உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சு நிறம் மாறியதும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. வீங்கிய கன்னத்தில் ஆரம்பித்தேன். இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்ததால் விரல்களில் எந்த உணர்வும் இல்லை. அது வசதியாகத்தான் இருந்தது. நூற்றுப் பதினோரு நாட்களாக எனக்கு எல்லாமே இரண்டு ஜோடி கையுறைக்கு வெளியே இருந்துதான் நடந்துகொண்டிருந்தன.

முதல் நாள் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். காலை 9.10 முதல் 1.00 வரை. பஞ்சு 46. வெண்மஞ்சளுக்குக் கீழே வெண்மஞ்சள். அதற்குக் கீழேயும் வெண்மஞ்சள்.

ஒரு மதியத்தில் ஒரு மனுஷி எத்தனை பூச்சு பூசியிருக்க முடியும்?

கடைசியில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுவர் தெரிந்தது. வெறும் வெள்ளைச் சுவர்.

வெளியே வந்தபோது அப்பா எழுந்து நின்றார். "ஏதாவது தெரியுதா?"

"இன்னும் இல்லப்பா."

மறுநாள் காலை பொத்தான் அளவு ஓட்டை இல்லை.

கன்னம் முழுதாக இருந்தது. முந்தைய நாளைவிடக் கொஞ்சம் அதிகமாக வீங்கியிருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது. எனாமல் பெயின்ட் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய ஆறு மணி நேரம் ஆகும். கோயில் பூட்டி இருபது மணி நேரம் ஆகியிருந்தது.

கரைந்த பெயின்ட் சுற்றிலுமிருந்து வழிந்து மூடியிருக்கலாம் என்று நோட்டில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பெயின்ட் மேல்நோக்கி வழியாது. அடித்துவிட்டேன்.

"நேத்து யாராவது உள்ள வந்தாங்களாண்ணா?"

சாவி அண்ணன் இடுப்பில் தொங்கிய கொத்தைத் தட்டிக் காட்டினார். "இது என் தலைமாட்டுலதான் தூங்குது. என் வீட்டுக்காரிக்குக்கூடக் குடுத்ததில்ல. ஏன்?"

"சும்மாதான்."

"பயமா இருந்தா கதவைத் திறந்தே வச்சுக்க பாப்பா."

அவர் போன பிறகு கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அது பழைய கதவு, சரிவான தரை. அதை எழுதவில்லை.

ஐந்தாவது பஞ்சில் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

தூரிகையில் மிஞ்சிய பெயின்டை டப்பா விளிம்பில் தட்டி வடிக்கும் சத்தம். என்னிடம் டப்பாவும் இல்லை, தூரிகையும் இல்லை.

நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. நான் பஞ்சை உருட்டினால் எனக்கு வலது தோளுக்குப் பின்னால் மறுபடி கேட்டது. எனாமலின் வாடை வந்தது. அசிட்டோனின் கூர்மையான வாடைக்கு அடியில் அது கனமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. அதற்கும் அடியில் தேங்காய் எண்ணெயும், துணி சோப்பும், வியர்வையும்.

அந்த வாடை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நான் திரும்பவில்லை. 62 பஞ்சுகள். மதியம் ஒரு மணிக்குக் கன்னத்தில் பாதி போயிருந்தது. கீழே சுவர். என் உள்ளங்கை அளவுக்கு, கழுவிவிட்ட தட்டுப்போல வெள்ளையாக.

வாசலில் அப்பா ஒரு காகிதக் கோப்பையில் எனக்காகத் தேநீர் வாங்கி வைத்திருந்தார். ஆறிப்போயிருந்தது.

"தெரியுதா?"

"கொஞ்சம் பொறுங்கப்பா."

"நான் என்ன, நடுராத்திரி வரைக்கும்கூடப் பொறுப்பேன். உன் முகம்தான் சரியில்ல."

"தூக்கம் இல்ல."

"அவளும் அப்படித்தான். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தா. நீயும்தான் அவ பக்கத்துல உக்காந்திருந்த. ரெண்டு பேரும் சாப்பிடல."

தேநீரைக் குடித்தேன்.

மூன்றாம் நாள், நிபுணர் மாலை மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. நான் காலை ஏழு மணிக்கே போனேன். முகம் முழுதாக இருந்தது. பூச்சு அவ்வளவு தடிமனாக இருந்ததால் கன்னம் சுவரிலிருந்து வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. விளக்கொளியில் அதன் நிழல் சிறகில் விழுந்தது.

இந்த முறை பஞ்சை உருட்டவில்லை. தேய்த்தேன். துணியை அசிட்டோனில் முக்கிச் சட்டி கழுவுவதுபோலத் தேய்த்தேன். படிக்காதவர்கள் செய்வதைப்போல. நான் எடுக்க எடுக்க என் கைக்குப் பின்னாலேயே பூச்சு வளர்ந்தது. துணி கடந்த இடத்தில் ஒரு வெண்மஞ்சள் கோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. தூரிகையின் ஒவ்வொரு மயிரும் பதிந்த கோடுகள், கண் முன்னால், ஈரமாக.

டக். டக். டக்.

விளக்கு அணைந்தது.

பலகை அடித்த ஜன்னல்களின் இடுக்குகளில் பகல் நூல்நூலாகத் தெரிந்தது. அது எதையும் காட்டவில்லை. என் மூச்சை நான் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவது என்னுடையது இல்லை.

என் புறங்கையில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனது.

காதுக்குப் பக்கத்தில், கோயிலில் பேசும் அந்தத் தாழ்ந்த குரலில்:

"நான்தான்னு சொல்லிட்டேன்ல."

நான் அசையவில்லை.

"எடுக்காத. வீட்டுக்குப் போ."

விளக்கு எரிந்தபோது கையுறைக்கு மேல் அகலமாக ஒரு வெண்மஞ்சள் கோடு இருந்தது. கையுறையைக் கழற்றினேன். உள்ளே இருந்த கையுறையின் மேலும் அதே கோடு. அதையும் கழற்றினேன்.

தோலிலும் இருந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பஞ்சுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து மூன்று மணிவரை காத்திருந்தேன்.

நிபுணர் நடுத்தர வயதுப் பெண். நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கும், கண்ணில் மாட்டும் பெரிய பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார். பாதிரியாரும் சாவி அண்ணனும் கூட வந்தார்கள். நான் மூன்று நாளாக வேலை செய்ததாகப் பாதிரியார் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல யாருக்காவது பல்லு வலிச்சா நீங்களே குறடு எடுத்துடுவீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லவேளை, நீங்க எதையும் எடுக்கல. இது மேல கையே பட்ட மாதிரி தெரியலையே." கன்னத்தை அருகில் பார்த்தார். "எத்தனை பூச்சு இது. பதினஞ்சு இருபது இருக்கும் போல. அந்தம்மா இதே வேலையா இருந்தாங்களா?"

பாதிரியார் பக்கவாசல்வரை போய்க் குரல் கொடுத்தார். "உள்ள வாங்க. இன்னிக்கு எப்படியும் தெரிஞ்சுடும். எவ்வளவு நாள்தான் வெளில உக்காருவீங்க."

பிறகு அப்பாவின் செருப்புச் சத்தம். இரண்டு வருடத்தில் முதல் முறை. கடைசி பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் வரவில்லை.

நிபுணர் ஒரு மெல்லிய கத்தியைக் கன்னத்தின் ஓரத்தில் செருகி நெம்பினார். நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. விளக்கைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் நெம்பினார். பிறகு நெற்றியில். பிறகு சிறகுக்குப் போய், அதன் கீழ் முனையில் நெடுநேரம் பார்த்தார்.

"கீழ முகம் இல்ல சாமி," என்றார். "பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே கழுவி எடுத்திருக்காங்க. சுத்தமா. கோடு கோடா தண்ணி இறங்கின தடம் இருக்கு. அது பசை கலந்த வர்ணம், ஈரம் பட்டாலே போயிடும். ஒரு நிமிஷ வேலை."

அப்பா பெஞ்சைப் பிடித்திருந்த கை நழுவியது.

"ஆனா ஒண்ணு புரியல. இங்க பாருங்க, சிறகோட ஓரத்துல ஒரு சின்ன சதுரம். அளவெடுத்த மாதிரி ஒரு சென்டிமீட்டர். கழுவுற மருந்தை முதல்ல இங்க போட்டுச் சோதிச்சிருக்காங்க. சிறகை யாரோ பின்னாடி எண்ணெய் வர்ணத்துல சரிபண்ணியிருக்காங்க, அதனால இங்க புகை அழுக்கு மட்டும் போயிருக்கு, வர்ணத்துக்கு ஒண்ணும் ஆகல. அதை நம்பி முகத்துல போட்டிருக்காங்க. தப்புத்தான். ஆனா படிச்சவங்க பண்ற தப்பு."

"அந்தம்மா அஞ்சாங்கிளாஸ்தானே," என்றார் சாவி அண்ணன்.

"அவ எதையும் சோதிச்சுப் பாக்க மாட்டா," என்றார் அப்பா. எங்களிடம் இல்லை, பெஞ்சிடம் பேசுவதுபோல. "குழம்புல உப்புகூட வாயில வச்சுப் பாக்க மாட்டா."

பாதிரியார் பெருமூச்சு விட்டார். "என்னவோ. போய்ச் சேந்துட்டாங்க. அறிக்கையில ஒரு பேர் போடணும்னா அவங்க பேரையே போட்டுடுங்க. கழுவினதும் அவங்கதான்னு."

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். மெதுவாக நடக்க ஆரம்பித்தார். அவர் முதுகு அம்மாவின் சவப்பெட்டியைக் கேட்டுவரை சுமந்தபோதுகூட இப்படி வளைந்திருக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன்.

ஈரமான ஒரு கை என் வாயை மூடியது.

விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. எனாமலும், அதன் அடியில் துணி சோப்பும். கட்டைவிரல் தாடையை அழுத்தியது. வலிக்கவில்லை. கெஞ்சுவதுபோல அழுத்தியது.

நிபுணர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினார். சாவி அண்ணனின் கொத்து கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் அப்பா திரும்பினார். அவர் பார்வை என் வாயிலேயே நின்றது. என் உதடுகளின் மேல் வெண்மஞ்சள் வழிந்து மோவாயிலிருந்து சொட்டியது.

அந்தக் கைக்குள்ளிருந்தே சொன்னேன்.

"அம்மா முகத்தை வரைஞ்சாங்க, அவ்வளவுதான்ப்பா. கழுவி எடுத்தது நான்."