இருபத்தொரு சிவப்புப் புள்ளிகள்

உடைந்த இயந்திரங்கள் ஏன் உடைந்தன என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். அதனால் தெரிந்தவர்கள் அவரை ‘விரிசல் சார்’ என்றே கூப்பிட்டார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மடிக்கணினியோடு வந்த பெண் கொண்டுவந்ததோ, இன்னும் உடையாத ஒரு பொருள்.

“செயற்கைப் பாதம் சார். நான்தான் டிசைன் பண்ணேன்,” என்றாள்.

கொக்கியைப் போல வளைந்த ஒரு பட்டை திரையில் தெரிந்தது. ஒரு ஆள் ஏறி நின்றால் அது தாங்குமா என்று மென்பொருளே பாரம் ஏற்றிச் சோதித்திருந்தது. வளைவின் உட்பக்கம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

“சிவப்புன்னா அங்க உடையும்னு அர்த்தம். போன மாசம் இதே பாதம் பாஸ் ஆச்சு. நான் ஒரு கோடுகூட மாத்தலை. இன்னைக்கு நாலு மணிக்குள்ள சரின்னு காட்டலைன்னா மேனேஜர் டிசைனையே தூக்கிப் போட்டுடுவார். இதுக்காகக் காத்துக்கிட்டிருக்கிற முதல் ஆளு என் தம்பி சார். ரெண்டு வருஷமா அவன் மாடிப்படி ஏறினதே இல்லை.”

விரிசல் சாரின் மைத்துனர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேறு எந்த வேலையிலும் இல்லாத சுறுசுறுப்பு, சதியை மோப்பம் பிடிப்பதில் அவருக்கு உண்டு.

“யாரோ ஃபைல்ல கை வச்சிருக்காங்க அத்தான். உங்க ஆபீஸ்ல யாருக்கும்மா உங்க மேல பொறாமை?”

“பக்கத்து சீட்டுக்காரருக்கு இருக்கலாம். இந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டியது. நேத்து ரிசல்ட்டைப் பார்த்துட்டு, ‘நான் அப்பவே சொன்னேன்’னு போயிட்டார்.”

“முடிஞ்சுது. ஆளு அவன்தான்.”

விரிசல் சார் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. “நேத்து சோதனை ஓடும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“பட்டனைத் தட்டிட்டு டீ ஊத்தினேன். முதல் வாய் நாக்கைச் சுட்டுது, அதுக்குள்ள ரிசல்ட் வந்துடுச்சு. சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.”

“போன மாசம்?”

“நான் சாப்பிட்டுட்டு வந்தப்புறமும் ஓடிக்கிட்டே இருந்தது.”

“இந்த ஃபைல் எங்கேர்ந்து வந்தது?”

“என் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை படுத்துடுச்சு. மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு மெயில்ல அனுப்பின ஃபைல் இருந்தது. அதைத்தான் இறக்கினேன்.”

அவர் மேசையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தார். புள்ளிகள் இருபத்தொன்று. எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் அதே இடைவெளிதான். “கிளம்புங்க, உங்க ஆபீசுக்குப் போகலாம்,” என்றார்.

அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தானே போய் பிளாஸ்டிக்கில் செய்த மாதிரிப் பாதத்தை எடுத்து வந்தார். அவர் கையால் அச்செடுத்தது. விரிசல் சார் வளைவின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“இதை எந்த ஃபைல்லேர்ந்து எடுத்தீங்க?”

“அவங்க முதல்ல கொடுத்ததுலேர்ந்து. என் பென்டிரைவ்ல இருக்கு. நீங்களும் ஒரு காப்பி வச்சுக்கோங்கன்னு அவங்ககிட்ட நான் அப்பவே சொன்னேன்.”

மைத்துனரின் முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜரின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். விரிசல் சார் ஆற அமரப் பேசினார்.

“உண்மையான பாரம் அளவெடுத்து உடைக்காது. ஒரு இடத்துல கூடும், ஒரு இடத்துல குறையும். இங்க இருபத்தொரு புள்ளியும் ஸ்கேல் வச்சு வச்ச மாதிரி இருக்கு. அப்போ கோளாறு பாதத்துல இல்லை, படத்துல. ஒரு வளைவை இருபத்திரண்டு தட்டைத் துண்டா வெட்டி ஒட்டினா, துண்டும் துண்டும் சேருற மூலை இருபத்தொண்ணு. பாரம் அந்த மூலைகள்லதான் போய்க் குவியும். துண்டெல்லாம் சின்னதா இருக்கிறதால கண்ணுக்கு வளைவு மாதிரியே தெரியும்.”

“அதான் அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுதா?” என்றாள் அவள்.

“ஆமாம்மா. வளைவைக் கணக்குப் போட நேரம் பிடிக்கும். தட்டையைக் கணக்குப் போட ஒரு வாய் டீ போதும்.”

“வெட்டினது யாரு அத்தான்?” மைத்துனருக்கு இன்னும் ஆசை விடவில்லை.

விரிசல் சார் மேனேஜர் பக்கம் திரும்பினார். “அந்த ஃபைல் மெயில்ல லேசுல போயிடுச்சா சார்?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரொம்பப் பெரிசுன்னு திரும்பத் திரும்ப வந்துது. சைஸைக் குறைக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்டுது. சரின்னு தட்டினேன். உடனே போயிடுச்சு.” அவர் முகத்தில் அசடு வழிந்தது. “சைஸைக் குறைக்கத்தான் கம்ப்யூட்டர் வளைவைத் துண்டு துண்டா வெட்டியிருக்கு,” என்றார் விரிசல் சார்.

பென்டிரைவில் இருந்த ஃபைலைப் போட்டு மறுபடி சோதனையை ஓடவிட்டார்கள். அப்போது மணி இரண்டே முக்கால். பக்கத்து சீட்டுக்காரர் அவளுக்கு ஒரு டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. மூன்றரை ஆயிற்று. மேனேஜர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாதம் திரையில் வந்தது. நுனியிலிருந்து நுனிவரை நீலம். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. மேனேஜர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனை எடுத்தாள். “டேய், பாதம் பாஸாயிடுச்சுடா. நாளைக்கு அளவு பார்க்க வா. நான் கீழே வந்து உன்னைப் பார்க்கறேன்.” போனை மறு காதுக்கு மாற்றினாள். “நாளைக்கு ஒரு நாள்தான். அடுத்த தடவை மூணு மாடியும் நீதான் ஏறி வரணும்.”

பிறகு டீயை எடுத்தாள். ஆறி அவலாகிப் போயிருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.