கூடத்தில் வடிவு

கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது தன் செருமல் மாதிரியே இருக்கிறதே என்று வடிவுக்குத் தோன்றியது.

அவளோ மூடிய அறைக்குள் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து, பஞ்சைக் கடித்தபடி, துண்டில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள். காலையில்தான் மேல்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த எட்டுப் பல்லையும் எடுத்திருந்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள்; அதன் வேகம் குறைந்ததும் ஈறெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. நசரத்பேட்டை ஹைவேயில் லாரி போகும்போதெல்லாம் சுவரோடு சேர்ந்து தாடையும் அதிர்ந்தது. ஆறின கஞ்சியைக் குடித்து மாத்திரையும் போட்டாயிற்று. வலிகூடக் கொஞ்சம் மட்டுப்பட்டது. அவமானம்தான் அடங்கவில்லை.

மகள் சுரேகாவைப் பெண் பார்க்க அடுத்த வாரம் வருவதாக இருந்தவர்கள், இன்றைக்கே வருவதாக மதியம் போன் செய்துவிட்டார்கள்.

"இந்த வாய வெச்சிகினு நான் எப்படிங்க வருவேன்?" என்று கையால் மறைத்துக்கொண்டு கேட்டாள் வடிவு.

புருஷன் தசரதன் யோசிக்கவேயில்லை. "அதுவும் கரீட்டுதான். ஜொரம்னு சொல்லிக்கலாம். நீ உள்ளயே பட்துக்கோ."

சுரேகா வேறெங்கோ பார்த்தபடி, "கதவ சாத்திக்கோம்மா," என்றாள். வடிவு குறுகிப்போனாள். பெற்ற பெண்ணுக்கே தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. கதவிடுக்கு வழியே மல்லிகையும் நெய்யும் மணத்தன. டம்ளர் சத்தம், செருப்புச் சத்தம், பையனைப் பெற்றவளின் வளையல் சத்தம். நடுவே ஒரு குரல்.

"கூச்சப்படாம சாப்புடுங்க. சொஜ்ஜி சுரேகா செஞ்சதுதான்."

வடிவு பஞ்சைக் கடிக்க மறந்தாள். அது அவள் குரல். பல் இருந்த காலத்துக் குரல். காலையிலிருந்து அவள் வாயில் மகள் பேர்கூட 'ஹுரேகா' என்றுதான் வந்துகொண்டிருந்தது. அங்கே ஒவ்வொரு எழுத்தும் அழுத்தம்திருத்தமாக விழுந்தது.

ஒருவேளை நாத்தனார் வந்திருப்பாளோ? மாத்திரை மயக்கமோ?

"அம்மா, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் வெய்ம்மா," என்றாள் சுரேகா.

அம்மா.

கத்தலாம். கத்தினால் எல்லோரும் ஓடி வருவார்கள். இந்த வாயைப் பார்ப்பார்கள். எழுந்தாள். சுவரைப் பிடித்தாள். கதவை விரலளவு திறந்தாள்.

முதுகு காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வடிவின் நீலப் பட்டு. வடிவின் கொண்டை. எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். தசரதன் அவளையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி அவன் தன்னைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அவன் கண் கதவுப் பக்கம் திரும்பியது. வடிவைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது.

எழுந்து வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"உள்ள போ. மானத்த வாங்காத."

அவன் தோளுக்குப் பின்னால் நீலப் பட்டு மெல்லத் திரும்பியது. சிரித்தது. மேல்வரிசையில் எட்டுப் பல். ஈறே இல்லை. வேரோடு, நீளநீளமாய், சதை நூல்நூலாய்த் தொங்க, சொட்டச் சொட்ட.

வந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. சுரேகா பாசத்தோடு குனிந்து, தன் முந்தானையால் அதன் மோவாயைத் துடைத்துவிட்டாள்.