நான்காம் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தவமணியும் வேதவல்லியும் இறந்துபோன மகளுக்குக் கதை படித்தார்கள். செவ்வாய் கிரகத்தில் அது அதிசயமில்லை. அங்கே எல்லாப் புத்தகங்களும் ஏட்டகம் என்ற ஒரே இயந்திரத்துக்குள் இருந்தன. பக்கத்தைச் சுவரில் விரித்துப் படிக்கும்போது வாயிலிருந்து வரும் சத்தத்தையெல்லாம் அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரக்குரல் என்று அதற்குப் பெயர். மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்தால், அந்த வீட்டாருக்கு மட்டும் அது கேட்கும்.

புத்தகத்தின் பெயர் ‘குடை வாங்கிய எருமை’. முப்பத்திரண்டே பக்கம். ஆறாம் பக்கத்தில் மழை வரும். தவமணி அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்துவார். உடனே மகள் குயிலி கேட்பாள்.

“மழைன்னா என்னப்பா? மேல குழாய் உடைஞ்சிருச்சா?”

அதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அடுத்த பிறந்தநாள் வருவதற்குள் பள்ளிக்கூடத்துக் கூரை விரிசல் விட்டுக் காற்றெல்லாம் வெளியேறியது. வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையும் பிழைக்கவில்லை. அவளுடைய படங்களும் சட்டைகளும் வீட்டில் இருந்தன. பேசுவது அந்த எருமைப் புத்தகம் மட்டும்தான்.

அந்த வாரம் அடித்த புழுதிப்புயலில் சூரியத் தகடுகளில் பாதி நாசமாயின. காற்று இயந்திரத்துக்கே மின்சாரம் போதவில்லை. ஏட்டகத்தை அணைத்தே ஆகவேண்டும் என்று குடியிருப்புத் தலைவர் பசுபதி அறிவித்தார். ஆளுக்கு ஒரு புத்தகம் காப்பாற்றலாம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை புத்தகங்களைத் தாங்கும் அளவுக்கு மின்சாரம் உண்டு. யாரும் கேட்காத புத்தகங்கள் ஓரக்குரலோடு சேர்த்து அழியும்.

ஏட்டகக் காப்பாளர் ஷரீபா, அவரவர் வீட்டிலிருந்தே பெயரை அனுப்பட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். பசுபதி ஒத்துக்கொள்ளவில்லை. இது வரலாற்று நாள், ஒவ்வொருவரும் மேடையேறி ‘என் வாழ்வில் மறக்க முடியாத புத்தகம்’ என்று சொல்லவேண்டும் என்றார். பிறகு யாராவது சிபாரிசு பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்பதால், கடைசி ஆள் சொன்ன நொடியே மற்றவை தாமாக அழியும்படி ஏற்பாடும் செய்தார். செவ்வாய்க்கே போனாலும் மனிதன் மேடையை விடுவதாயில்லை.

வீட்டில் வேதவல்லி ஒரு திட்டம் போட்டாள். “நீங்க எருமையைச் சொல்லிடுங்க. நான் ‘மறுகரை’யைத்தான் சொல்லியாகணும். வாசகர் வட்டத் தலைவி போயி எருமைன்னு சொன்னா ஊரே சிரிக்கும்.”

“சொல்லிடறேன் வேதா. குழாய் வேலை பாக்குறவனை யாரு கவனிக்கப்போறா?”

‘மனிதப் பெருவெளியின் மறுகரை’ ஆயிரத்து முந்நூற்று நாற்பது பக்கம். அதைப் புகழாத ஆள் அந்தக் குடியிருப்பில் இல்லை.

மன்றத்தில் முதலில் மேடையேறிய மருத்துவர் ‘மறுகரை’ என்றார். கைதட்டல். அடுத்தவரும் அதையே சொன்னார். செவ்வாயில் மாங்காயே கிடையாது. ஆனாலும் ஊறுகாய்ச் செய்முறைப் புத்தகத்தை நாற்பது முறை ரசித்துப் படித்த சமையற்காரரும் ‘மறுகரை’ என்றார். துப்பறியும் கதை இல்லாமல் தூங்காத கணக்கு வாத்தியார் கண்கள் பனிக்க அதையே சொன்னார். நம்முடையதை வேறு யாராவது சொல்லாமலா போவார்கள் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. வேதவல்லியும் நிம்மதியாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எருமையைச் சொல்ல அவளுக்கு ஆள் இருந்ததே!

கடைசிப் பெயர் தவமணியுடையது. பசுபதி அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

“நம்ம வாசகர் வட்டத் தலைவியோட வீட்டுக்காரர். சும்மா ஏதாவது சொல்லிடுவாரா? கேப்போம்.”

தவமணி வாயைத் திறந்தார். அறுநூறு முகங்கள் அவரையே பார்த்தன. முன்வரிசையில் அவருடைய மேலதிகாரி ஏற்கெனவே கைதட்டத் தயாராக இருந்தார். எருமை என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

“மறுகரை,” என்றார்.

“ஏங்க!” என்று வேதவல்லி போட்ட கூச்சல் கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. சுவரில் இருந்த பட்டியலில் பெயர்கள் கொத்துக் கொத்தாக மறைந்தன. அவள் ஓடிப்போய் ஷரீபாவின் கையைப் பிடித்தாள்.

“நிறுத்தும்மா, அது என் புள்ள.”

“என் கையில இல்லக்கா. போயிருச்சு.”

அறுநூற்றுப் பதினோரு புத்தகங்களுக்கான மின்சாரம் சும்மா கிடந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. பசுபதி மட்டும் சளைக்கவில்லை. காப்பாற்றிய பொக்கிஷத்தைத் திறக்கச் சொன்னார். குரல்களை அந்தந்த வீட்டோடு நிறுத்திய பூட்டுகளும் அழிந்துவிட்டதால் எல்லாருடைய ஓரக்குரலும் மன்றம் முழுக்கக் கேட்டது.

முதல் பக்கத்தில் பலர் சேர்ந்து “ஆஹா” என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் கொட்டாவிகள். மூன்றாம் பக்கத்தில் பசுபதியின் குரல், “என்னய்யா எழுதியிருக்கான் இவன்?” என்றது. நான்காம் பக்கத்தில் வேதவல்லி பெருமூச்சு விட்டாள். அதை அடுத்து ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

“இது நல்லால்லம்மா. எருமை புக்கு படிம்மா.”

தவமணி மேடையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பதினோராம் பக்கத்தில் யாரோ குறட்டை விட்டார்கள். பன்னிரண்டிலிருந்து கடைசிவரை வேகமாகப் புரட்டியும் ஒரு சத்தமும் இல்லை. மன்றத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பசுபதி தொண்டையைச் செருமினார்.

“பாத்தீங்களா? பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல எல்லாரும் அப்படியே மூழ்கிப்போயிட்டோம். மூச்சு விடக்கூட நேரமில்ல!”

அறுநூறு பேருக்கும் உயிர் வந்தது. கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் தவமணியும் வேதவல்லியும் சுவரில் ‘மறுகரை’யைத்தான் விரிக்கிறார்கள். போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டு, படித்தால் இவர்களைப் போலப் படிக்கவேண்டும் என்று மரியாதையோடு பேசிக்கொள்கிறார்கள். ஐந்தாம் பக்கத்தை அவர்கள் இன்றுவரை புரட்டவில்லை.