மருந்தடிக்காத பாதி

மூன்று நாள் ஓவனில் காய்ந்த வைக்கோல் பை, எடை குறைந்திருக்க வேண்டும். இரண்டு கிராம் கூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஓவனின் விசிறி உறுமிக்கொண்டே இருந்தது, காய்ந்த தாளின் வாசனையும் சூடேறிய இரும்பின் வாசனையும் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டன, ஜன்னல் வெயில் மேசை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. தராசைத் துடைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பையை மறுபடி வைத்தாள். இருநூற்றுப் பதினைந்து கிராம். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை காட்டினால்தான் பயிர் முழுதாகக் காய்ந்ததாகக் கணக்கு. அதுவரை அவள் விடமாட்டாள். பையை மறுபடி ஓவனுக்குள் வைத்தாள். துறையில் அவளுக்கே ‘தராசு’ என்றுதான் பட்டப்பெயர். கிண்டல்தான், ஆனாலும் அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

நாளை பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். பதினெட்டு வருடம் வயல்வெளியில் கருகியதற்கு இப்போதுதான் பலன் வருகிறது. ஆய்வறிக்கையில் இந்த ஒரு எண்தான் பாக்கி.

கணவன் போனில் கூப்பிட்டான். “இன்னும் முடியலையா? குத்துமதிப்பா ஒண்ணப் போட்டுட்டுக் கிளம்பி வாயேன்.”

“இதுவரைக்கும் ஒரு எண்ணைக்கூட நான் பொய்யா எழுதினதில்ல.”

உண்மைதான். ஆராய்ச்சிக்கு நிலம் கொடுத்த அந்த விவசாயியிடமும் அதே கறார்தான். அவர் நிலத்தில் பாதிக்குப் பூச்சிமருந்து, பாதிக்கு ஒன்றும் கூடாது. ஒப்பிட்டால்தானே மருந்தின் அருமை தெரியும். பூச்சி இறங்கியதும் பஸ் பிடித்து ஓடிவந்தார். இதோ, எதிரே இருக்கும் இதே நாற்காலியின் நுனியில் ஒடிசலான உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து, “ஒரே ஒரு தடவை அடிச்சுக்கிறேன் மேடம், இல்லேன்னா எல்லாம் போயிடும்” என்று கெஞ்சினார்.

“அடிச்சா என் ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்” என்றாள்.

அவர் அடிக்கவில்லை. சொன்ன சொல் தவறாத மனுஷன். பூச்சி அந்தப் பாதியைத் தின்று தீர்த்ததும், மிச்சமிருந்த மருந்தைத் தானே குடித்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாளே அவள் போய் அந்தப் பாதியில் மாதிரிக்கென்று கொஞ்சம் அறுத்து வந்தாள். அறுவடைத் தேதி தள்ளிப்போகக் கூடாதே. அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பைதான் இது.

ஒரு மணி நேரம் கழித்துப் பையை ஓவனிலிருந்து எடுத்தாள். கையில் கனமே இல்லை. தராசில் வைத்தாள். எண்ணூற்று நாற்பது.

மருந்து வாசனை. ஓவனிலிருந்து இல்லை. மேசைப் பக்கமிருந்து.

தூக்கி மறுபடி வைத்தாள். இரண்டு கிலோவைத் தாண்டினால் வெறும் கோடு காட்டும் தராசு அது. ஐம்பத்திரண்டு கிலோ நானூறு என்று காட்டியது.

ஓர் ஒடிசலான ஆளின் எடை.

பையை எடுத்துவிட்டாள். தட்டு காலி. எண் இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு நானூறு.

இரண்டு முறை. ஒரே எடை.

ஓடிவிடத்தான் நினைத்தாள். பழகிய கை அதற்குள் நோட்டைத் திறந்து எண்ணை எழுதியது. தேதி போட்டது. கையெழுத்தும் போட்டது.

தராசு பூஜ்யத்துக்கு வந்தது.

எதிரே இருந்த நாற்காலியின் நுனி மெல்ல அமுங்கியது.