குண்டூசியின் இடி

வாருங்கள் என் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஓர் இடியின் கதை சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், இது வானத்து இடி இல்லை, தகரத்து இடி.

ஒரு பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவில் ஒரு சிறுமி படித்தாள். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று இருக்கும். அதனால் எல்லாரும் அவளைக் குண்டூசி என்றே கூப்பிட்டார்கள். அவள் அப்பா தகரப் பட்டறை வைத்திருந்தார். வாளி, புனல், பெட்டி என்று நாள் முழுக்க எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார்.

ஆண்டுவிழாவுக்கு 'அ' பிரிவு ஒரு புயல் நாடகம் போடுவதாக இருந்தது. புயல் என்றால் இடி வேண்டாமா? குண்டூசி பட்டறையில் கிடந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தாள். எல்லாமே சமையலறையில் பாத்திரம் உருண்ட மாதிரிதான் கேட்டது.

ஒருநாள் அப்பா கதவு உயரத் தகடு ஒன்றைத் தூக்கி நகர்த்தினார். அது நெளிந்து, 'கடகடகட...' என்று உறுமியது.

"அப்பா! அப்படியே நில்லுங்க! இன்னொரு தடவை ஆட்டுங்க!"

"எதுக்கும்மா? கை வலிக்குது."

"இதாம்ப்பா இடி!"

அவ்வளவுதான். அப்பா சாப்பாட்டையும் மறந்துவிட்டு, கையைக் கிழிக்காதபடி தகட்டின் ஓரங்களை மடித்து, கயிறு கோக்க மேலே இரண்டு துளைகள் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் பழகினாள் குண்டூசி. கீழ் மூலையைப் பிடித்து மெல்ல ஆட்டினால் தூரத்து இடி. பலமாக உலுக்கினால் தலைக்கு மேலேயே இடி!

ஆனால் ஒத்திகையில் என்ன ஆயிற்று தெரியுமா? கப்பல் தலைவனாக நடித்த பையனுக்கு வசனம் மறந்துபோனது. அலைகளாக வந்த பிள்ளைகள் சிரித்துச் சிரித்து உருண்டார்கள். தலைமையாசிரியை, "இதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நாடகத்தையே நிறுத்திவிட்டார். குண்டூசியின் தகடு பள்ளிக்கூடத்து மூலையிலேயே கிடந்தது.

விழா நாளன்று குண்டூசி மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவளுடைய தகடு அங்கே தொங்கியது! 'ஆ' பிரிவு நாடகத்தில் காட்டில் மழை பெய்யும் காட்சி. தகட்டுக்குப் பக்கத்தில் மைக்செட் என்ற பையன் நின்றான். அவன் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். பட்டப்பெயர் அப்படி வந்தது.

"டேய், அது என்னோடது!"

"சும்மாதானே கிடந்துச்சு, எடுத்துக்கிட்டோம். உன் பேரா எழுதியிருக்கு?"

குண்டூசி முகம் சிவக்க ஆங்கில ஆசிரியையிடம் ஓடினாள். "டீச்சர், என் இடியைத் திருடிட்டாங்க!"

டீச்சர் கண்ணை அகல விரித்தார். "அடி ஆத்தாடி! இங்கிலீஷ்ல இதையே அப்படியே சொல்லுவாங்க, தெரியுமா? முன்னொரு காலத்துல ஒருத்தர் தன் நாடகத்துக்குன்னு புதுசா ஒரு இடி செஞ்சாராம். நாடகம் ஓடலை. கொஞ்ச நாள் கழிச்சு அதே அரங்கத்துல வேற நாடகம். அதுல அவரோட இடி! 'என் இடியைத் திருடிட்டாங்களே'ன்னு கத்தினாராம் பாவம். அதுலேருந்து, ஒருத்தர் வாங்கவேண்டிய பேரை இன்னொருத்தர் தட்டிக்கிட்டுப் போனா அப்படிச் சொல்ற வழக்கம் வந்துச்சாம்."

"அப்புறம் அவரு என்ன பண்ணினாரு?"

"அது எனக்குத் தெரியாதேம்மா!"

அதற்குள் நாடகம் தொடங்கிவிட்டது. காட்டில் வழி தவறிய ராஜாவாகப் பட்டாணி என்ற சிறுமி நடித்தாள். பெயருக்கு ஏற்ற பொடிசு. "ஐயோ, என்ன பயங்கரமான இடி!" என்று நடுங்கினாள்.

மைக்செட் தகட்டை ஆட்டினான். 'டொக்.'

குச்சியால் அடித்தான். 'டொய்ங்ங்.'

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குண்டூசிக்கும் சிரிப்பு வந்தது. 'நல்லா வேணும்!' என்று நினைத்தாள். அப்போதுதான் பட்டாணியின் உதடு துடிப்பதைக் கண்டாள். ஒட்டு மீசை கண்ணீரில் நனைந்து நழுவிக்கொண்டிருந்தது.

குண்டூசி ஒரே பாய்ச்சலாகப் பின்பக்கம் ஓடினாள். பார்த்தால், தகட்டின் கீழ்ப்பக்கத்தையும் கம்பத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்!

"காத்துல ஆடி யாரு மேலயாவது பட்டுடப் போகுதுன்னு இன்னைக்குத்தான் கட்டினேன்" என்று மைக்செட் முணுமுணுத்தான். அவன் குரல் அவ்வளவு சின்னதாகக்கூட வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கட்டிப்போட்டா அது எப்படிடா உறுமும்? தள்ளு!"

கீழ்க் கயிற்றை அவிழ்த்தாள். மூலையைப் பிடித்தாள். முதலில் மெல்ல, பிறகு பலமாக... கடகடகட, மடார்!

கூட்டத்தின் சிரிப்பு கப்சிப். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. வாசலில் இருந்த காவலாளி, மழை வந்துவிட்டது என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்! பட்டாணி மீசையை ஒட்டிக்கொண்டு கம்பீரமாக அடுத்த வசனத்தைச் சொன்னாள்.

நாடகம் முடிந்ததும் மைக்செட் குண்டூசியை மேடைக்கு இழுத்து வந்தான். அவனுக்கு ஒலிபெருக்கி எதற்கு?

"இந்த இடி குண்டூசியோடது! கேக்காம எடுத்தது நான்! தப்புதான்! ரொம்ப நன்றி குண்டூசி!"

குண்டூசி கடைசி வரிசையைக் கைகாட்டினாள். "தகடு செஞ்சு குடுத்தது எங்கப்பா. எழுந்திரிங்கப்பா!"

அப்பா எழுந்தார். தகரம் கீறிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தகட்டின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை மகளும் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஒவ்வோர் அடிக்கும் அது லேசாக உறுமியது.

"அப்பா, அன்னைக்குச் சாப்பிடாமக்கூட துளை போட்டுக் குடுத்தீங்கல்ல? ரொம்ப தேங்க்ஸ்பா."

"நான்தாம்மா உனக்குச் சொல்லணும். இருபது வருஷமா இந்தத் தகரத்தைத் தட்டுறேன். அதுக்குள்ள இப்படி ஒரு சத்தம் இருக்குன்னு நீ சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது!"

கேட்டீர்களா கண்ணுகளா? உங்கள் வீட்டுக் கூரை ஒரு நாளும் ஒழுகாதிருக்கட்டும். இடி முழங்கும்போது கட்டிக்கொள்ள, பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.